கார்வையின் கலைஞர் டெர்யே ரிப்டால்

ஜாஸ் என்றதும் நமக்கு அமெரிக்காதான் நினைவுக்கு வரும். அது விளைந்த மண் அது. வேறு மண்ணில் பிறந்த ஒருவர் அதைக் கற்றுக்கொண்டு, கற்ற இடத்தின் நகலாக நின்றுவிடாமல், சொந்தக் குரலில் பேச முடியுமா? ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நார்வே நாட்டுக் கிடார் கலைஞர் டெர்யே ரிப்டாலின் இசைவாழ்வு இதற்கு ஒரு நல்ல பதில் என்பது என் எண்ணம்.

1947-ல் ஓஸ்லோவில் பிறந்தவர். சிறுவயதில் பியானோவும் ட்ரம்பெட்டும் பயின்றார். கிடாரைத் தாமாகவே கற்றுக்கொண்டார். 1960-களில் 'வேன்கார்ட்ஸ்' என்னும் பாப் குழுவில் வாசித்தார். பிறகு சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பாரெக், அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் ரஸ்ஸல் ஆகியோருடன் சேர்ந்து ஜாஸுக்கு வந்தார். ஃபின் மார்ட்டென்சனிடம் இசையமைப்பும் படித்தார். 1971-ல் மியூனிக்கின் இ.சி.எம். நிறுவனம் அவர் பெயரிலேயே ஓர் இசைத்தட்டை வெளியிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். கிடார் மீட்டி ஒலிக்கும் வாத்தியம். நம் வீணையைப் போலவே, மீட்டிய நொடியிலிருந்தே நாதம் தேயத் தொடங்கிவிடும். ரிப்டால் என்ன செய்கிறார்? மீட்டும்போது கால்மிதியால் ஒலியை அடக்கிவிட்டு, பிறகு மெல்லத் திறந்துவிடுகிறார். மீட்டு மறைந்து, நாதம் மட்டும் எழுந்து வருகிறது. முதல் தடவை கேட்பவர்கள் "இது கிடாரா, வயலினா?" என்று கேட்பார்கள். நானும் கேட்டவன்தான்! வேகமாக ஆயிரம் ஸ்வரம் கொட்டும் கிடார்காரர்கள் நிறையப் பேர் உண்டு. ஒரே ஸ்வரத்தில் கார்வை கொடுத்து நின்று, அது அடங்கும்வரை காத்திருக்கத் துணிந்தவர்கள் சிலரே.

1975-ல் வந்த 'ஒடிஸி' இரட்டைத் தட்டு இதற்குச் சான்று. அதிலுள்ள 'ரோலிங் ஸ்டோன்' சுமார் 24 நிமிடம் ஓடுவது. குறுந்தகடாக முதலில் வந்தபோது அதையே விட்டுவிட்டார்கள். 2012-ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அவசரம் இல்லாமல் வளர்வதே இந்த இசையின் உயிர். அதன் மிக நீண்ட பகுதியையே எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாதி ஒடிஸிதானே?

பனி, மலை, தனிமை என்று சொல்லி இவரை வர்ணித்து முடித்துவிடுவது விமர்சகர்களின் வழக்கம். அது பாதி உண்மைதான். 1985-ன் 'சேஸர்' தட்டில் ராக் இசையின் முரட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. அந்தச் சத்தமும் இவருடையதே.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1990-ல் வந்த 'உண்டிசோனஸ்' வயலினுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக எழுதியது. அதில் ரிப்டால் வாசிக்கவில்லை. கட்டமைப்பு பலமானது, ஆனால் அந்தக் குரல் இல்லாததால் எனக்கு ஒட்டவில்லை. மாறாக, 1974-ன் 'வெனெவர் ஐ சீம் டு பீ ஃபார் அவே' தட்டின் தலைப்புப் படைப்பில் ஆர்க்கெஸ்ட்ராவின் நடுவே அவரது கிடாரும் ஒலிக்கிறது. அதுதான் மனதைத் தொடுகிறது. இசையமைப்பாளர் ரிப்டாலுக்குக் கிடார்காரர் ரிப்டால் துணை வேண்டும் என்பேன்.

நமக்கும் இந்த வட்டாரத்தோடு ஓர் உறவு உண்டு. வயலின் கலைஞர் எல். சங்கர் 1984-ல் வெளியிட்ட 'விஷன்' தட்டில் உடன் வாசித்தவர்கள் கார்பாரெக்கும் டேனிஷ் ட்ரம்பெட் கலைஞர் பாலே மிக்கெல்போர்கும். இருவருமே ரிப்டாலின் பழைய கூட்டாளிகள். 1995-ல் வந்த 'ஹீட்' ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்கள், பெயர் தெரியாமலே ரிப்டாலைக் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்க ஜாஸ் மேதைகளைப் போல வாசிக்க அவர் முயலவில்லை. தன் ஊர்க்காரர் என்று காட்டிக்கொள்ள நாட்டுப்புற மெட்டுகளைச் செருகவும் இல்லை. பாப், ஜாஸ், மேல்நாட்டுச் செவ்வியல் மூன்றையும் ஒழுங்காகக் கற்றார்; பிறகு தன் காதுக்கு எது உண்மையோ அதை வாசித்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று கிடார் கற்கிறார்கள். "இது நம்ம சங்கீதமா?" என்று கேட்பதற்கு முன், 'ஒடிஸி'யை அவர்களோடு உட்கார்ந்து ஒருதரம் கேட்டுப் பாருங்களேன். பிறகு அவர்களை ஒரே ஒரு ஸ்வரத்தைப் பொறுமையாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் அவர்கள் குரல் கேட்டால், அது நம் சங்கீதந்தான்.