கடிதம் போகும் சத்தம்

எச்டிஎம்எல் கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே தொடர்புப் படிவம் ஒன்று போட்டுவிடலாம். பெயர், மின்னஞ்சல், செய்தி, கீழே நீல நிறத்தில் 'அனுப்பு' பொத்தான். பார்க்க லட்சணமாக இருக்கும். அழுத்தினால் கடிதம்தான் போகாது. எனக்கு அப்படித்தான் ஆனது; அது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்கப் பொத்தானின் ஓரத்தை வளைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பிஎச்பிமெய்லர் கைக்கு வந்தது. மின்னஞ்சல் அனுப்புவதற்காக 2001-ல் பிரென்ட் மாட்ஸெல் தொடங்கிய இலவச நிரல் நூலகம். வேர்ட்பிரஸுக்குள்ளும் இது இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது எஸ்எம்டிபிடிபக் என்ற ஒரு அமைப்பு. அதில் 2 என்று போட்டால், நம் நிரலும் அஞ்சல் சர்வரும் பேசிக்கொள்வது திரையில் வரிவரியாக ஓடும். நம் பக்கம் 'ஈஎச்எல்ஓ' என்று வணக்கம் வைக்கும். சர்வர் 250 என்றால், சரி. 354 என்றால், 'சொல்லு, எழுதிக்கொள்கிறேன்'. கடிதம் முடிந்ததற்கு அடையாளம், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. என்ன அழகு! என் திரையில் வந்ததோ 535: கடவுச்சொல் தப்பு.

புதுப்பிப்பு என்றாலே அலுத்துக்கொள்பவன் நான். ஆனால் 2016 டிசம்பரில், அனுப்புநர் முகவரி வழியாகவே சர்வருக்குள் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று பிஎச்பிமெய்லரில் வெளிப்பட்டது. 5.2.18 பதிப்பு அதை அடைத்தது. அடைப்பு போதவில்லை, சில நாளிலேயே 5.2.20. இப்போதெல்லாம் பதிப்பு எண்ணைப் பார்த்த பிறகுதான் பொத்தானின் நிறத்தைப் பார்க்கிறேன்.