குடிமராமத்தில் 'குடி' யார்?

ஏரிகளைத் தூர்வார வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. உலக வங்கிக்கும் கிடையாது, உள்ளூர் ஒப்பந்ததாரருக்கும் கிடையாது, சுற்றுச்சூழல் நண்பர்களுக்கும் கிடையாது. இப்படி எல்லோரும் ஒரே குரலில் பேசும்போது எந்தக் குரல் விட்டுப்போச்சு என்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் தமிழ் படித்தவன். பொறியியல் எனக்குத் தெரியாது. ஆகவே 'குடிமராமத்து' என்ற சொல்லையே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் பாலாற்றுப் படுகைக்குள் நின்று வாசிக்கிறேன்.

மராமத்து அரபு மூலத்திலிருந்து வந்த சொல். பழுதுபார்த்தல் என்று பொருள். குடி நம்முடையது. விளைச்சலை மேல்வாரம், குடிவாரம் என்று பிரித்த காலத்தில் குடி என்றால் பயிரிடுகிறவர். இரண்டும் ஒட்டி, ஊரார் சேர்ந்து கூலியில்லாமல் செய்யும் நீர்நிலை வேலைக்குப் பெயராயிற்று. அவர்கள் மனமுவந்து செய்தார்கள் என்பது பிற்பாடு நாம் ஏற்றிய அர்த்தம். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் வேறு கதை சொல்கிறது. கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்து 'உழைக்கும் வகுப்பு' ஆண்களை வேலைக்குக் கூப்பிடலாம். வர மறுத்தால் தண்டனை உண்டு. வழக்கப்படி கொடுக்க வேண்டிய உழைப்பைக் கொடுக்காதவர் அதன் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். கரையில் இறங்க வேண்டியவர் யார் என்பதைச் சட்டமே வகுப்பு பிரித்துச் சொல்லிவிட்டது. இங்கே ஒற்றுமையாவது மண்ணாவது!

அப்படியானால் முடிவெடுத்தவர் யார்? உத்திரமேரூரைப் பார்ப்போம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பாடப்புத்தகத்தில் பெருமையோடு படித்திருக்கிறோம். ஏரி வாரியத்துக்கு ஓலை எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியை வெட்டியவரும் மதகைத் திறந்தவரும் அந்தக் குடத்துக்குள் இல்லை. ஜனநாயகத்தின் தொட்டில் என்று இதைக் கொண்டாடும்போது தொட்டிலில் யார் கிடந்தார், யார் ஆட்டினார் என்று நாம் கேட்டதில்லை.

பிறகு 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் ஆகிறவர் ஆயக்கட்டில் நிலம் உடையவர். வேத ஞானம் தேவையில்லை என்பது உண்மையிலேயே முன்னேற்றம்தான். ஆனால் நிலம் என்ற கதவு அப்படியே இருக்கிறது. ஏரியில் மாடு குளிப்பாட்டுகிறவர், மீன் பிடிக்கிறவர், கோரை அறுக்கிறவர், மடைக்கு மடை தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி (பல ஊர்களில் இவர் தலித்) இவர்கள் யாரும் அந்தச் சட்டத்தின் மொழியில் 'பயன்படுத்துவோர்' இல்லை. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பாசனச் சங்கங்கள் பத்து விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்றார்கள். சங்கத்தின் 'உழைப்பு' என்று கணக்கில் ஏறுவது யாருடைய உழைப்பு? கரையில் மண் சுமந்தவர் பெயர் அந்தக் கணக்கில் வருமா?

நம் சூழலியல் எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1997இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் பதிப்பித்த 'டையிங் விஸ்டம்' மரபான நீர் அமைப்புகளை மறுபடி பேசவைத்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அதற்குப்பின் தமிழில் வந்த ஏக்கக் கட்டுரைகளும் கவிதைகளும், சாதியைக் கழித்துவிட்டு ஓர் ஊரைக் கற்பனை செய்தன. ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மாஸ், 2003இல் வந்த தன் நூலில், கண்மாய் எப்போதும் அரசதிகாரத்தோடும் மரியாதையோடும் பின்னிக்கிடந்தது என்று காட்டினார். இந்தப் பக்கங்களில் அந்த நூலைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசியிருக்க வேண்டும்.

இனி ஆற்றுக்கு வருவோம். ஏரி பாசனத்துக்கு மட்டும் இல்லை. அதில் தங்கும் நீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளை ஏற்றுகிறது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தால் ஆற்றுப் படுகையின் ஊற்றும் பிழைக்கிறது. பாலாற்று மணலில் இறக்கிய கிணறுகளை நம்பித்தான் கரையோரத்து நகரங்கள் குடிநீர் எடுத்துவந்திருக்கின்றன. பாலாற்றுப் படுகையைச் சேர்ந்த நாகநதியில், 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கூலிக்கு, வேலூர் மாவட்டத்துப் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டினார்கள், கல் தடுப்புகள் கட்டினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரின் வானொலி உரையிலேயே அது இடம்பெற்றது. நல்லது. அந்தப் பெண்கள் இறக்கிய தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பதில் வைத்திருக்கிறது: தன் நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரை எடுத்துக்கொள்வது நில உடைமையாளரின் உரிமை. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழகம் 2003இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. பொதுப்பணம், நிலமில்லாத பெண்ணின் தோள். மேலே வரும் தண்ணீரோ எவன் மோட்டார் ஆழமாக இறங்கியிருக்கிறதோ அவனுக்கு. இதில் தோற்பது கூலிக்காரர் மட்டும் இல்லை. முப்பதடிக் கிணறு வைத்திருக்கும் சிறு விவசாயியும்தான்.

ஆக, காசு யாரு போடுறது என்ற கேள்வியை நேராகவே கேட்கலாம். இதே பாலாற்றுக் கரையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுக்கு எதிராக நடந்த வழக்கில், 1996இல் உச்சநீதிமன்றம் மாசுபடுத்துகிறவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. கெடுத்தவர் கட்ட வேண்டும் என்றால் உறிஞ்சுகிறவரும் கட்டட்டும். ஆற்றிலிருந்தும் ஆழ்துளையிலிருந்தும் பெருமளவு எடுக்கும் ஆலைகளும் நகராட்சிகளும், மேலே ஏரியைக் காக்கும் ஊர்களுக்குப் படுகை அளவில் ஒரு நிதி வைக்கட்டும். அந்த நிதியிலிருந்து கூலி, இனாம் உழைப்பு என்ற பேச்சே இல்லாமல், முழுசாக வரட்டும். ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. நிலத்தடி நீர் ஆயக்கட்டு எல்லை பார்ப்பதில்லை. ஆகவே கூட்டுறவு என்பது ஒரே ஆயக்கட்டின் பட்டாதாரர் கூட்டமாக நின்றுவிடக் கூடாது. நிலமற்றவரும் பெண்களும் மீனவரும் வாக்கோடு உட்கார வேண்டும்.

சங்கத்தில் எல்லோரையும் சேர்த்தால் வேலை நடக்காது என்பார்கள். இத்தனை நாள் வேலை செய்ததே அவர்கள்தானே ஐயா!

அடுத்தமுறை உங்கள் ஊர் ஏரிக்கரையில் திட்டப் பலகை நட்டால், மதிப்பீட்டுத் தொகையோடு நிற்காதீர்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பட்டா இல்லாத ஒருவர் பெயராவது அதில் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். அதற்கப்புறம் குடிமராமத்து பற்றிக் கவிதை எழுதலாம்.