மௌன ராகம்: 15, 26, 50

மணிரத்னம் இந்தக் கதையை முதலில் எழுதியபோது அதில் மனோகர் கிடையாது. படத்துக்கு யோசித்த பேரும் 'திவ்யா'தான். ஒரு பெண் கல்யாணமாகி டில்லி போகிறாள், புருஷனைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். இவள் ஏன் இப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எல்லாத் தரப்புப் பார்வையாளருக்கும் எட்ட வேண்டுமே என்று பிற்பாடுதான் கார்த்திக் பகுதி சேர்ந்தது. பரத்வாஜ் ரங்கன் 2012-இல் கொண்டுவந்த உரையாடல் புத்தகத்தில் இந்த விவரம் வருகிறது. படித்த அன்றே நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தேன்: "ஒரு பொண்ணு வேண்டாம்னு சொல்றதை நாம நம்பணும்னா, நடுவுல ஒருத்தன் சாக வேண்டியிருக்கு."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியின் விரிவு என்று வைத்துக்கொள்ளலாம். 1986-இல் வந்த படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. நான் இதை நிதானமாக உட்கார்ந்து பார்த்தது மூன்று முறை. நடுவில் டிவியில் துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது.

முதல் முறை எனக்கு 15 வயசு, 1989. தெருவில் ஒரு வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து மூன்று படம் போட்டார்கள், இது இரண்டாவது. அந்த வயதில் இந்தப் படம் கார்த்திக் படம், வேறென்ன. காப்பிக் கடையில் அவன் "மிஸ்டர் சந்திரமௌலி" என்று கத்தும்போது கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து சிரித்தோம். பதிவாளர் அலுவலகப் படிக்கட்டில் அவன் சுடப்பட்டுச் சாகிறான். அதற்கப்புறம் எங்களில் பாதிப்பேர் தண்ணி குடிக்க எழுந்து போய்விட்டார்கள். மிச்சப் படத்தை ஒரு துக்க வீட்டில் காத்திருக்கிற மாதிரி பார்த்து முடித்தோம்.

படமே அப்படிப் பார்க்கும்படிதான் கட்டப்பட்டிருக்கிறது. கார்த்திக் வரும் இடங்களில் தெரு, கல்லூரி, கூட்டம், ஓட்டம். யாராவது ஒருத்தர் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறார். டில்லி வீட்டுக்குள் வந்தால் பி.சி. ஸ்ரீராமின் ஒளி ஜன்னல் வழியாக வந்து தரையில் விழுந்து அப்படியே கிடக்கிறது. இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் இருந்தாலும் நடுவில் ஒரு கதவோ தூணோ நாற்காலியோ இருக்கும். இளையராஜா பின்னணியை எங்கே நிறுத்துகிறார் என்று கவனித்தால் அதுவே தனிக் கட்டுரைக்கு ஆகும். 15 வயதுக்கு அந்த நிறுத்தங்கள் வெறும் போர்.

இரண்டாவது முறை 2000-ஆம் வருஷம், நாக்பூரில், வாடகை வீட்டில். எனக்கு 26. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இந்தி அரைகுறை. இரண்டு விசிடி கொண்ட செட், கணவர் ஆபீஸ் போன பிறகு தனியாகப் பார்த்தேன். அன்று எனக்குப் படம் கார்த்திக் வருவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

முதலிரவு அறைக்கு அனுப்பும்போது திவ்யா அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். இரண்டு நாளைக்கு முன்னால் இதே ஆளோடு இதே அறைக்கு என்னை அனுப்பியிருப்பாயா என்கிற மாதிரி. அம்மாவிடம் பதில் இல்லை. எந்த அம்மாவிடமும் இல்லை. தமிழ் சினிமாவில் முதலிரவு என்றால் பால் செம்பு, மல்லிகைப்பூ, விளக்கு அணைவது. அந்த அறைக்கு வெளியே நின்று ஒரு பெண் இப்படிக் கேட்டுவிட்ட பிறகு அந்தப் பால் செம்பைப் பழையபடி பார்க்க முடியாது. அப்புறம் டில்லியில், அவன் தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள். மனோகர் என்று ஒருத்தன் இருந்தான் என்று அந்த நிமிஷம் வரை நமக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய "வேண்டாம்" காரணம் எதுவும் இல்லாமல் தனியாக நிற்கிறது. ரேவதி அதைக் கெஞ்சாமல், அழாமல் சொல்கிறார்.

என் வீட்டில் நிலைமை அப்படியில்லை, நல்லவேளை. ஆனாலும் அந்த இடத்தில் விசிடியை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். காரணம் அந்தக் கேள்வி. அதை நான் கேட்கவில்லை, என் அக்காக்கள் கேட்கவில்லை, என் அம்மா கண்டிப்பாகக் கேட்டிருக்க மாட்டாள். யாருக்கும் கேட்கத் தோணலை என்பதுதான் உறுத்தியது.

இந்த இடத்தில் சட்டம் பற்றி ஒரு குறிப்பு. என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிற சந்திரகுமாரிடம் திவ்யா விவாகரத்து கேட்கிறாள். வக்கீல் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்கிறார். படத்தின் முழுப் பின்பாதியும் இந்த ஒரு வருஷத்தின் மேல்தான் நிற்கிறது. இது வசதிக்காகப் போட்ட சினிமா விதி இல்லை. 1955-ஆம் வருஷ இந்து திருமணச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, கல்யாணமான உடனே விவாகரத்து மனு போடுவதைத் தடுக்கிறது. ஆரம்பத்தில் அந்தத் தடை மூன்று வருஷம். 1976 திருத்தத்தில்தான் ஒரு வருஷமாகக் குறைந்தது. இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கான 13பி பிரிவு வந்ததும் அதே திருத்தத்தில்தான். அதாவது, பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் எடுத்திருந்தால் இதே கதையில் அவர்கள் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், சம்மதப் பிரிவு என்ற வழியும் இருக்காது. இன்னொன்று: 13பி-யில் ஒரு வருஷம் 'தனித்து வாழ்ந்திருக்க' வேண்டும் என்று வருகிறது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அது தனித்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது 1991-இல், படம் வந்து ஐந்து வருஷம் கழித்து. அந்த டில்லி வீட்டைப் பார்த்துவிட்டு எழுதின மாதிரியே இருக்கும்.

காதலித்தவன் ஒருத்தன், கட்டிக்கொண்டவன் ஒருத்தன் என்ற கதை புதுசில்லை. 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980) இருக்கிறது. அதில் மோகன் காதலன், பிரதாப் போத்தன் கணவன். 'அந்த 7 நாட்கள்' (1981) இருக்கிறது. அங்கே காதலன் உயிரோடு திரும்பி வந்து, தாலிக்கு மரியாதை சொல்லிவிட்டுப் போகிறான். பாக்யராஜ் படத்தில் அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்ற கேள்வியை இரண்டு ஆண்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். மணிரத்னம் செய்த பெரிய காரியம், அந்தப் பேச்சைப் பெண் வாயில் வைத்தது. செய்த சின்னச் சமரசம், காதலனை முன்கூட்டியே கொன்றுவிட்டது. மனோகர் உயிரோடு இருந்து, அவளே அவனை விட்டு விலகியிருந்து, அதற்கப்புறமும் சந்திரகுமாரைப் பிடிக்கவில்லை என்றால்? அந்தப் படம் ஓடியிருக்குமா தெரியாது. எனக்கு அதைப் பார்க்க ஆசை.

மூன்றாவது முறை போன வருஷம். வயது 50. சட்டம் படிக்கிற மகளோடு, அவளுடைய லேப்டாப்பில். இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆண்களை.

முதலில் அந்த அப்பா. ரா. சங்கரன் செய்திருக்கும் சந்திரமௌலி. 15 வயதில் அவர் கிண்டலுக்கான ஆள், பேரே ஒரு நகைச்சுவை. ஆனால் படத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்த பிறகுதான் கல்யாணமே நடக்கிறது. என் மகள் கேட்டாள்: "ஏம்மா, இவருக்கு நெஞ்சு வலிச்சா இவ கட்டிக்கணுமா? டாக்டர் என்ன எழுதிக் குடுத்தாரு, மாத்திரையா மாப்பிள்ளையா?" சிரித்தேன். ஆனால் அவர் மகளை மிரட்டவில்லை, அவர் உடம்பு மிரட்டுகிறது. நம்ம ஊர் வீடுகளில் நடக்கிற பாதிக் கட்டாயம் இப்படித்தான் யார் வாயிலிருந்தும் வராமல் நடக்கும். அதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய படம் குறைவு.

அப்புறம் சந்திரகுமார். தமிழ் மத்தியதர வர்க்கத்தின் உத்தமக் கணவன். தொட மாட்டான், கத்த மாட்டான், கேட்டால் விவாகரத்தும் தருவான். இவனை மாதிரி மாப்பிள்ளை வேணும் என்று சொன்ன ஒரு தலைமுறையே உண்டு. ஆனால் பெண் பார்க்கும் காட்சியை மறுபடி பாருங்கள். தனியாகப் பேசும்போது திவ்யா தன்னிடம் இருக்கிற குறைகளாக அடுக்குகிறாள். நான் சரிப்பட மாட்டேன், விட்டுவிடு என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் சரி என்கிறான். அவனுக்கு அந்த வெளிப்படைத்தன்மை பிடித்துப்போகிறது. மறுப்பை ஒரு குணநலனாக ரசித்துவிட்டான். பின்னால் அவன் காட்டுகிற பொறுமை எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கான வட்டி.

பின்பாதி அதைவிடச் சிக்கல். தொழிலாளர் தகராறில் அவன் தாக்கப்படுகிறான், அவள் ஓடி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறாள், மனசு மாறுகிறாள். முன்னே வேண்டாம் என்று ஒதுக்கிய கொலுசை எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவனோ கவனிக்காத மாதிரி இருக்கிறான், சென்னைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். 26 வயதில் இதை ரோஷம் என்று எடுத்துக்கொண்டேன், 50-இல் பார்த்தால் தண்டனை மாதிரியும் தெரிகிறது. இரண்டுமே திரையில் இருக்கிறது. நல்லவன் கோபப்பட்டால் அதற்குச் சத்தம் இருக்காது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது புரிய நாளாகும். படத்தின் பெயரில் உள்ள மௌனம் அவளுடையது என்றுதான் பலரும் சொல்வார்கள். அவள் எங்கே மௌனமாக இருந்தாள்? அம்மாவிடம் கேட்டாள், புருஷனிடம் சொன்னாள், கடைசியில் ரயிலில் நின்றும் எல்லாவற்றையும் அவளே கொட்டித் தீர்க்கிறாள். வாய் திறக்காதவன் அவன்தான். அவனுக்கு ஓடி வந்து ரயிலைப் பிடித்தால் போதும்.

இப்படியெல்லாம் சொன்னாலும், மோகன் அந்தப் பாத்திரத்தில் கொஞ்சம்கூடப் பாசாங்கு செய்யவில்லை. பிடிக்காதவள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு மனிதனின் கூச்சம் முகத்தில் அப்படியே இருக்கிறது. கார்த்திக்குக் கிடைத்த கைதட்டல் இவருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத குறை. 2013-இல் 'ராஜா ராணி' வந்தபோது இந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அங்கே இருவருக்குமே ஒரு பழைய காதல், இருவருக்குமே ஒரு சோகம். கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் காரணம் இல்லாத "வேண்டாம்" அங்கேயும் இல்லை.

மகளுக்கு யாரைப் பிடித்தது என்று கேட்டேன். மோகனைத்தான் என்றாள், எனக்கு ஆச்சரியம்தான். கார்த்திக் பெண்ணைத் துரத்துகிற இடங்களில் அவள் முகம் சுளித்தபடியே இருந்தாள். கடைசியில் திவ்யா விவாகரத்துப் பத்திரத்தைக் கிழித்துப் போடும் காட்சியில் லேப்டாப்பை நிறுத்திவிட்டு, "அது கோர்ட் தீர்ப்பா இருந்தா கிழிச்சாப் போதாதும்மா. செல்லும். மறுபடி மொதல்லேர்ந்து கல்யாணம் பண்ணணும்" என்றாள்.

"பண்ணிக்கட்டுமே."

"பண்ணிக்கட்டும். இந்தத் தடவையாவது பொண்ணு பாக்க வரும்போது அவ சொல்றதைக் காதுல வாங்குவானா?"