பாட்டில்லாத இருபது லட்சம் பேர்

ஸ்காட்லாந்து என்ற பெயர் தோட்டத் தமிழர்க்குப் புதியதன்று. 1821ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வாணிகந் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்துக்காரர். அவர் பெயர் தாங்கிய கம்பெனியின் மரங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினர். பினாங்குக்கு எதிர்க்கரையிலே கலிடோனியா என்றொரு தோட்டமே இருந்தது. ஸ்காட்லாந்தின் பழைய இலத்தீன் பெயர் அது. வெள்ளைத் துரை என்றால் ஆங்கிலேயன் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். அத்துரைமாரிற் பலர், தம்மை ஆங்கிலேயர் என்று அழைத்தால் முகஞ் சுளிக்கும் மக்கள் என்பதை நமக்கு யார் சொன்னார்கள்?

அவர்கள் நாட்டில் 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பையும், அதனையொட்டி அந்நாட்டு எழுத்தாளர் நடந்துகொண்ட முறையையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். யார் வென்றது சரி, யார் தோற்றது தவறு என்பது என் பொருளன்று. பாட்டும் கட்டுரையுமே என் பொருள்.

ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்பதே கேள்வி. 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த நாடு, 307 ஆண்டுகளுக்குப் பின் தன் மக்களையே கேட்டது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை தந்தார்கள். நூற்றுக்கு 84.6 பேர் வந்து வாக்களித்தார்கள். வேண்டும் என்றவர் 1,617,989 பேர். வேண்டாம் என்றவர் 2,001,926 பேர். கிளாஸ்கோவும் டண்டீயும் வேண்டும் என்றன. தலைநகரமாகிய எடின்பரோ வேண்டாம் என்றது.

இனி, முடிவு தெரிந்த பின் நடந்ததைக் கேளுங்கள். தோற்ற கட்சித் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். அன்று மாலை கிளாஸ்கோ நகரத்து ஜார்ஜ் சதுக்கத்தில் இரு திறத்தாரும் மோதிக்கொண்டனர். அடுத்த நாட்களில் அதே சதுக்கத்தில் ஏழைகளுக்கென உணவுப் பொட்டலங்கள் கொண்டுவந்து குவித்தார்கள். தோற்றவர் சோர்ந்துவிடவில்லை. ‘நாற்பத்தைந்து’ என்னும் தம் வாக்கு விழுக்காட்டையே சின்னமாக அணிந்துகொண்டனர். 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும் அவ்வெண் நினைவூட்டியது தற்செயலே ஆயினும், அவர்கட்கு அது இனித்தது. சுமார் 25,000 பேர் இருந்த அக்கட்சியின் உறுப்பினர் தொகை ஆறே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2015 மே மாதத் தேர்தலில் அந்நாட்டின் 59 இடங்களில் 56 இடங்களை அக்கட்சியே கைப்பற்றியது. தோற்றவர் வீறுகொண்டு நிற்க, வென்றவர் வாய்திறவாமல் வீட்டுக்குப் போயினர். எனக்கு வியப்பளித்தது இதுவே. இருபது லட்சம் பேர் வென்றார்கள். அவர்கள் வெற்றிக்கு ஒரு பாட்டுண்டா? ஒரு கதையுண்டா?

எழுத்தாளரிற் பெரும்பாலோர் ‘வேண்டும்’ பக்கமே நின்றனர். 2010இல் மறைந்த கவிஞர் எட்வின் மார்கன், தம் உடைமையில் ஏறக்குறைய பத்து லட்சம் பவுனைத் தேசியக் கட்சிக்கே எழுதிவைத்துச் சென்றார். அரசவைக் கவிஞராயிருந்த லிஸ் லாக்ஹெட் அம்மையாரும், நாவலாசிரியர் அலஸ்டர் கிரேயும் அப்பக்கமே. ‘வேண்டாம்’ பக்கத்துக்குப் பத்து லட்சம் பவுன் கொடுத்த ஜே. கே. ரௌலிங் அம்மையாரைத் துரோகி என்று தூற்றினார்கள். கொடுத்தவர் இருவர், தொகையும் ஏறத்தாழ ஒன்று, பெற்ற பட்டமோ வேறு!

நிற்க. தோல்விக்குப் பின் பலர் நாவில் மீண்டும் வந்தது ராபர்ட் பர்ன்ஸின் பாட்டு. நாட்டைப் பொன்னுக்கு விற்ற கயவர் கூட்டத்தைச் சபிக்கும் பாட்டு. ஆங்கில வழிப் பள்ளியில் பர்ன்ஸை மனப்பாடஞ் செய்தவன் என்ற உரிமையிலும், கிராணி என்ற உரிமையிலும் இதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்வேன். கிராணி என்று ஏன் சொன்னேனெனில், 1786இல் வறுமை தாங்காமல் ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை வேலையை ஒப்புக்கொண்டவர் பர்ன்ஸ். அடிமைகள் உழைத்த தோட்டம் அது. முதல் நூல் நன்கு விற்றதால் கப்பலேறாமல் தப்பினார். இல்லையேல் உலகம் ஒரு கவிஞரை இழந்து ஒரு கிராணியைப் பெற்றிருக்கும். பின்னாளில் அரசாங்கத் தீர்வை இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாட்டை விற்றவரைச் சபித்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரன் மனம் எனக்குத் தெரியும்.

அப்பாட்டு எவரைச் சபிக்கிறது? 1707இல் இணைப்புக்குக் கைதூக்கிய பிரபுக்களை. அந்நாளில் பாமர மக்களை எவருங் கேட்கவில்லை. தெருவில் கலகம் நடந்தது. இணைப்பின் ஈடாக இங்கிலாந்து கொடுத்த தொகை 398,085 பவுன் 10 ஷில்லிங். மக்களை விலக்கி வைத்து, மேலோர் சிலர் செய்த பேரத்தைச் சாடுவதால் அப்பாட்டு நியாயமுடையது. அதன் சூடும் அங்கிருந்தே பிறக்கிறது. அதே பாட்டை 2014இல் யார்மேல் எறிவது? வாக்குச் சாவடியில் வரிசையில் நின்ற பாட்டி மேலா? நாணயம் தொடருமா, ஓய்வூதியம் தவறாமல் வருமா என்று கணக்குப் பார்த்த தொழிலாளி மேலா? அவர்களுக்கு எவரும் பொன் கொடுக்கவில்லை. பாட்டு பழையதே, ஆனால் அம்பின் முனை மேலிருந்து கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. பிரபுக்களைக் குத்தப் பிறந்த பாட்டைக் கொண்டு மக்களையே குத்துவது பாட்டுக்குச் செய்யும் அநீதி என்பேன்.

அலஸ்டர் கிரே 2012இல் ‘குடியேறியோரும் குடியேற்றவாதிகளும்’ என்ற பொருள்பட ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்திலிருந்து வந்து தங்கி, அந்நாட்டோடு கலந்து வாழ்வோரை முதல் வகை என்றார். பதவிக்காக வந்து, அனுபவித்துவிட்டுத் திரும்புவோரை இரண்டாம் வகை என்றார். கலைக் கழகங்களின் மேற்பதவிகளில் வெளியார் அமர்ந்திருந்ததே அவர் ஆத்திரத்துக்குக் காரணம். அவரைப் பகைமை கொண்டவர் என்று ஏசியது மிகை. முதல் வகையாரை அவர் மதித்தே எழுதினார். ஆயினும் கப்பலேறி வந்தவர் மரபிற் பிறந்த நமக்கு அந்தப் பிரிவினை சுருக்கென்று தைக்கிறது. ஒருவன் எந்த வகை என்பதை யார் தீர்ப்பது? எத்தனை ஆண்டு தங்கினால் போதும்? நல்ல வேளையாக, வாக்கெடுப்புச் சட்டம் கிரேயைவிடத் தாராளமாயிருந்தது. அந்நாட்டில் வசிக்கும் ஆங்கிலேயனுக்கு வாக்குண்டு. இலண்டனில் வசிக்கும் ஸ்காட்லாந்துக்காரனுக்கு இல்லை. பிறப்பை விட்டு இருப்பைப் பார்த்த அவ்விதியைப் போற்றி எவரேனும் ஒரு பாட்டு எழுதியிருக்கலாம்.

1979லும் அங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தனிச் சட்டமன்றம் கேட்டு. வேண்டும் என்றோர் 51.6 விழுக்காடு. ஆனால் மொத்த வாக்காளரில் 40 விழுக்காடு வேண்டுமென்ற நிபந்தனையால் அது தோற்றது. அத்தோல்வியின் பின்னரே, 1981இல், கிரேயின் ‘லானார்க்’ என்னும் பெருநாவல் வந்தது. அரசியல் கைவிட்டதை இலக்கியம் தாங்கிற்று என்று திறனாய்வாளர் இன்றும் பெருமை பேசுவர். அந்தத் தோல்வியைப் பாடுவது எளிது, ஏனெனில் குற்றம் விதியின்மேல். 2014இன் தோல்வியில் குற்றஞ்சாட்ட விதியில்லை. எதிரே நின்றவர் அண்டை வீட்டார், சொந்தத் தாய் தந்தையர். அவர்கள் நெஞ்சுக்குள் புகுந்து எழுதப் பெரிய துணிவு வேண்டும். தலைப்பைக் கண்டே கோழைத்தனம் என்று எழுதிவிடத் துணிவு வேண்டியதில்லை.

இதை நான் மேலே நின்று சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த தோட்டம் ஒன்று வீடு கட்டுவோருக்குக் கைமாறியது. நட்ட ஈட்டை வாங்கிக்கொண்டு லயத்தைக் காலி செய்வதா, மறுத்து நிற்பதா என்று கோயில் மண்டபத்திற் கூடிக் கைதூக்கினார்கள். மறுப்போர் பக்கம் நின்று நான் பாட்டெழுதினேன். கைகள் மற்றப் பக்கமே அதிகம் உயர்ந்தன. அன்றிரவே ‘விலைபோனவர்’ என்று இன்னொரு பாட்டெழுதி ஆபீசுச் சுவரில் ஒட்டினேன். மறுநாள் காலைப் பெரட்டு முடிந்ததும், நாற்பது ஆண்டு பால் வெட்டிய அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார்.

“கிராணி ஐயா, உங்களுக்கு அடுத்த தோட்டத்துல வேலை கெடைக்கும். எனக்கு இந்தக் காசை விட்டா வேற என்ன இருக்கு?”

கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். தாளைக் கிழித்தெறிந்தேன். அவர் பக்கத்துப் பாட்டை எழுத இன்றுவரை எனக்குக் கைவரவில்லை.

அந்த ஸ்காட்லாந்து வாக்கெடுப்பின் எழுத்துகளில் எனக்கு மிகப் பிடித்தவை டேவிட் கிரெய்க் என்ற நாடகாசிரியர் டுவிட்டரில் எழுதிய குறுநாடகங்கள். அவர் ‘வேண்டும்’ கட்சிக்காரர். ஆயினும் அந்நாடகங்களில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். நூற்றுநாற்பது எழுத்துக்குள் சண்டையும் சமாதானமும் முடிந்துவிடும். பெரிய காவியங்களும் மேடை முழக்கங்களும் செய்யாததை இத்துணுக்குகள் செய்தன: மறுத்தவருக்கு ஒரு குரலும், உட்கார ஒரு நாற்காலியுங் கொடுத்தன.

அந்த மாதிரியில் தமிழில் நான்கைந்து எழுதி, எங்கள் தோட்டத்து இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நடிக்கலாமென்று பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறேன். ஒத்திகை தொடங்கி இரண்டு வாரமாகிறது. எல்லோரும் ‘வேண்டும்’ வேடத்தையே கேட்கிறார்கள்.