பிரிகின்றனவா, பிரிக்கப்படுகின்றனவா? – ஒரு கருத்துணர் பகுதியைப் பற்றி

அண்மையில் படிவம் 4 மாணவர்களுக்கு உயிரணுப் பிரிவு பற்றிய கருத்துணர் பகுதி ஒன்றைக் கொடுத்தேன். நம்மிடையே கைமாறி வரும் பயிற்சித்தாள்தான். தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1882-இல் வால்தர் ஃபிளெமிங் 'மைட்டோசிஸ்' என்று பெயரிட்டதையும், அது நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததையும் எளிமையாகச் சொல்லியிருந்தார்கள். திருத்தும்போதுதான் சிக்கல்.

மனித உடலின் சேய் உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள் என்ற கேள்விக்குப் பலர் 23 என்று எழுதியிருந்தார்கள். "பகுதியில அப்படித்தானே இருக்கு டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி. உண்மைதான். 46 குரோமோசோம்கள் 'இரு பாதியாகப் பிரிந்து' செல்வதாகத்தான் அதில் இருந்தது. ஆனால் பிரிவுக்கு முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் நகலெடுக்கப்பட்டு, இரண்டு குரோமாட்டிட்டுகளாக ஒட்டியிருக்கும். அந்த இரண்டில் ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். ஆகவே இரு சேய் உயிரணுக்களிலும் 46-தான். 23 வருவது ஒடுக்கற்பிரிவில். நகலெடுப்பைச் சொல்லும் ஒரு வாக்கியம் விடுபட்டதால் வந்த வினை இது.

அடுத்தது உவமை. குரோமோசோம்கள் 'படைவீரர்களைப் போல்' நடுவில் அணிவகுத்து நிற்கின்றனவாம். அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. இரு துருவங்களிலிருந்தும் கதிர்க்கோல் இழைகள் எதிரெதிராக இழுப்பதால்தான் அவை நடுவில் நிற்கின்றன. கயிறு இழுக்கும் போட்டி என்றிருந்தால் பொருந்தும். ஒரே ஒரு குரோமோசோமில் இழை சரியாக மாட்டாவிட்டாலும் உயிரணு காத்திருக்கும். எல்லாம் மாட்டிய பிறகே, குரோமாட்டிட்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் வெட்டப்படும். பிறகு இழைகள் குறுகிக் குறுகி அவற்றைத் துருவங்களுக்கு இழுத்துச் செல்லும்.

கடைசிக் குறை நம் பாடத்துக்கே உரியது. நிற்கின்றன, பிரிகின்றன, செல்கின்றன என எல்லாமே தன்வினை. அதனால் இழுப்பது எது, வெட்டப்படுவது எது என்று மாணவர் கேட்கவே இடமில்லை. 'இழுக்கப்படுகின்றன' என்று எழுதிப் பாருங்கள், 'எதனால்?' என்ற கேள்வி உடனே வந்துவிடும்.

23 என்று எழுதியவர்களுக்குப் புள்ளி கொடுத்துவிட்டேன். தவறு பகுதியுடையது, அவர்களுடையது அல்ல. பிறகு பகுதியைத் திருத்தி, மறுபடியும் வாசிக்க வைத்தேன். அறிவியல் பகுதியை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன், உயிரியல் ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடுவோமே!