சூரன் தப்பிப் போன நாள்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும்தான் பெரிய கொண்டாட்டங்கள். ஆனாலும் முருகன் கோயில் உள்ள இடங்களில், ஐப்பசி மழையையும் பாராமல், கந்தசஷ்டியின் ஆறாம் நாள் மாலை சனம் திரண்டுவிடும். அன்றுதான், முருகன் அசுரனான சூரனை வெல்வதை நடித்துக் காட்டும் சூரன் போர்.

இதன் பலம் முதலில் உடலுழைப்பில் இருக்கிறது. பகலெல்லாம் கொழுந்தெடுத்தும் ரப்பர் பால் வெட்டியும் அன்றைய வேலைநாளுக்குப் பேர் போட்டவர்கள், மாலையில் சூரனின் உருவத்துக்குத் தோள் கொடுக்கிறார்கள். சூரனைத் தூக்கினால் மட்டும் போதாது. ஓட வேண்டும், சட்டென்று திரும்ப வேண்டும், முருகனை நோக்கிப் பாய்ந்து பின்வாங்க வேண்டும். யானைத் தலையைக் கழற்றினால் சிங்கத் தலை வருகிறது. அதுவும் போனால் சூரனின் சொந்தத் தலை. கடைசியில் ஒரு மாங்கொப்பு. விழ விழ எழும்பி வரும் பகையை, ஒரு சொல்லும் பேசாமல், தகப்பன் தோளில் இருக்கும் குழந்தைக்கும் விளங்கவைக்கும் இந்த உத்திக்கு ஈடான ஒன்றை நம் மேடை நாடகங்களில் நான் கண்டதில்லை.

ஆனால் இதே உத்தி கதையின் முக்கியமான ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. யானைமுகத் தாரகனும் சிங்கமுகனும் சூரனின் மாறுவேடங்கள் அல்லர், அவனுடைய தம்பிகள். தேவர்களைச் சிறையிலிருந்து விட்டுவிடு என்று அண்ணனுக்கு எடுத்துச் சொன்னவன் சிங்கமுகன். சொல் எடுபடாதபோதும் அண்ணனுக்காகவே போருக்குப் போய் மாண்டான். அப்படிப்பட்டவனை வெறும் மரத்தலையாக்கிக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

இன்னும் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் முருகனும் சூரனும் இரண்டு முறை மோதுகிறார்கள். நூற்றெட்டு யுகம் வாழவும் ஆயிரத்தெட்டு அண்டங்களை ஆளவும் வரம் வாங்கிய, வச்சிர உடம்புக்காரனான சூரன், முதல் மோதலிலேயே படை முறிந்து தன் நகருக்குத் தப்பிப் போகிறான். முருகன் துரத்திப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சூரன் பிள்ளைகளையும் தம்பியையும் இழந்து, இறந்த படையை எழுப்பி, பறவையாகி, கடலுக்குள் மாமரமாகி நிற்கிறான். முருகன் முன்பே தூது அனுப்பி, களத்தில் தோற்றவனைப் போகவும் விட்டு, மறுபடி எதிர்க்க வந்தவனை வேலால் பிளந்து, அப்போதும் அழிக்காமல் மயிலும் சேவலுமாக ஏற்றுக்கொண்டதாகப் புராணம் சொல்கிறது. நம் சூரன் போரில் அந்த முதல் மோதல் வருவதில்லை. அதை எடுத்துவிட்டால் முடிவிலுள்ள அருள் திடீரென்று வந்ததுபோல் ஆகிவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு மிஞ்சுவது வெற்றி மட்டுமே.

சூரனுக்குப் பூசும் கறுப்பும் எனக்கு உடன்பாடில்லை. தேவர்களும் சூரனும் காசிபர் என்ற ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று புராணமே சொல்லும்போது, அசுரத்தனம் நிறத்திலும் பிறப்பிலும் இருப்பதாகக் காட்டுவது பொருந்தாது. சப்ரகமுவத் தமிழருக்கு இது வெறும் அழகியல் விஷயமுமல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் இவை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் தாக்கப்பட்டபோது, தமிழராய்ப் பிறந்ததே குற்றமாக எண்ணப்பட்டது. பிறப்பை வைத்துப் பகைவனைக் குறிக்கும் பழக்கம் எதில் முடியும் என்று அறிந்த சனம், தன் கோயில் வாசலில் அதைத் தொடர வேண்டியதில்லை.

பெண்கள் கோயிலுக்குச் சந்தா கொடுக்கிறார்கள், ஆறு நாள் விரதமும் பிடிக்கிறார்கள். போர்க்களத்தில் மட்டும் அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை. இதையும் கோயில் கமிட்டிகள் பேசித்தான் ஆகவேண்டும்.

இந்தக் குறைகளுக்கு வழி உண்டு. கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் மாலை, விட்டுப்போன முதல் மோதலை நடத்தலாம். புதிய உருவம் ஒன்றும் செய்யத் தேவையில்லை. இருக்கிற சூரனைச் சொந்தத் தலையோடு தூக்கிவந்து, தோற்கவைத்து, வீதி வழியே திரும்பி ஓடவிட்டால் போதும். முருகன் அசையாமல் நிற்கட்டும். சிங்கமுகனுக்குத் தனி உருவம் செய்ய வசதியில்லாத கோயில்களில், தலை மாற்றும்போது அவன் யார், அண்ணனிடம் என்ன சொன்னான் என்று ஒலிபெருக்கியில் இரண்டு வார்த்தை சொல்லலாம். அதை லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி சொல்லட்டும்.