கைப்பேசி விளம்பரங்களில் பாடல்கள்

கைப்பேசி நிறுவனங்களின் தொலைக்காட்சி விளம்பரங்களில் பாடலுக்கு உள்ள இடம் மற்றப் பொருள்களின் விளம்பரங்களில் உள்ளதைவிடப் பெரியது. சோப்பு விளம்பரத்தில் நுரையைக் காட்டலாம். காபி விளம்பரத்தில் ஆவி பறக்கும் டம்ளரைக் காட்டலாம். கைப்பேசி இணைப்பை விற்பவரிடம் காட்டுவதற்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் அலைவரிசைக்கும் இன்னொன்றின் அலைவரிசைக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் பிடிக்க முடியாது. ஆகவே இணைப்பினால் கிடைக்கும் உணர்ச்சியே விற்பனைக்கு வருகிறது: தொலைவில் இருப்பவரின் குரல், துணை இருக்கிறது என்ற தெம்பு. அதைச் சில நொடிகளில் எழுப்பப் பாடல் உதவுகிறது. இதற்கு இரு வழிகள் உண்டு. மக்கள் ஏற்கனவே விரும்பும் பாடலை உரிமை பெற்றுப் பயன்படுத்துவது ஒன்று; புதிதாக ஒன்றை உருவாக்கி மக்கள் மனத்தில் பதிய வைப்பது மற்றொன்று.

பழைய பாடல்களை எடுத்தாளுதல்

பிரிட்டிஷ் விளம்பரங்களில் முதல் வழியே புகழ்பெற்றது. 'தி டேண்டி வார்ஹோல்ஸ்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'போஹிமியன் லைக் யூ' 2000-இல் வெளிவந்தபோது பிரிட்டனில் பெரிய கவனம் பெறவில்லை. வோடஃபோன் விளம்பரத்தில் ஒலித்த பின் 2001-இல் மறுவெளியீடு கண்டு, விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடத்தை எட்டியது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'எவ்ரிவேர்' (1987) பாடலுக்கு ஒரு குட்டைக் குதிரை நடனமாடும் விளம்பரத்தை 2013-இல் 'த்ரீ' நிறுவனம் வெளியிட்டது. கால் நூற்றாண்டுக்கு முந்தைய அப்பாடல் மீண்டும் பட்டியலில் ஏறியது. விளம்பரம் பாடலைக் கொன்றுவிடும் என்ற பொதுவான குற்றச்சாட்டை இவ்விரு நிகழ்வுகளும் மறுக்கின்றன. வானொலி செய்யத் தவறியதை விளம்பரம் செய்திருக்கிறது.

ஆனால் பாடல் முழுதாக வந்து சேர்வதில்லை. 'போஹிமியன் லைக் யூ' நவநாகரிக இளைஞர்களின் பாவனையை மெல்லக் கேலி செய்யும் பாடல். விளம்பரத்தில் கேலி போய்த் துள்ளல் மட்டும் நின்றது. டி-மொபைல் நிறுவனம் 2009 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி, பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' (1968) பாடலைப் பாட வைத்துப் படமாக்கியது. ஜான் லெனனின் மணவாழ்க்கை முறிந்தபோது அவருடைய சிறு வயது மகனைத் தேற்றும் எண்ணத்தில் பால் மெக்கார்ட்னி எழுதத் தொடங்கிய பாடல் அது. சதுக்கத்தில் அது கூட்டக் கொண்டாட்டமாயிற்று. தேற்றுதல் இருந்தது, தேற்ற வேண்டிய துயரம் இல்லை.

இந்தச் சுருக்கம் மிகக் கூர்மையாகத் தெரிவது அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 2010-இல் வெளியிட்ட விளம்பரத்தில். நாட்டின் புகழ்பெற்ற இடங்களை ஆரஞ்சு நிறத் துணி மூடிக்கொண்டே போகிறது. சேவை எட்டும் பரப்பை அது உணர்த்துகிறது. பின்னணியில் நிக் டிரேக்கின் 'ஃப்ரம் த மார்னிங்' (1972) ஒலிக்கிறது. டிரேக் தம் வாழ்நாளில் அதிகம் கேட்கப்படாத பாடகர். 1974-இல் 26 வயதில் இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லில் பொறித்திருப்பது இந்தப் பாடலின் ஒரு வரியே. கட்டடங்களைத் துணியால் மூடும் கலைக்குப் பேர்போன கிறிஸ்டோ, ஜான்-கிளாட் இணையருக்கும் விளம்பரத்துக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் பின்னர் அறிவிப்புச் சேர்த்தது. பாடலைப் பயன்படுத்த உரிமை போதும். அது எந்த நிலையிலிருந்து பிறந்தது என்று சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

இந்திய விளம்பரங்கள்

இந்தியாவில் பெரிதும் நினைவில் நிற்பவை புதிதாக உருவாக்கப்பட்டவை. பல மொழிகள் பேசும் சந்தையில் ஒரு திரைப்பாடல் ஒரு மொழிக்கும் ஒரு நடிகரின் முகத்துக்கும் கட்டுப்பட்டது. சொல் இல்லாத மெட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. ஏர்டெல்லுக்காக ஏ.ஆர். ரஹ்மான் 2002-இல் அமைத்த மெட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 'ரோஜா'வுக்கு (1992) முன்பே லியோ காபி போன்ற விளம்பரங்களுக்கு இசையமைத்துப் பழகியவர் அவர்; சில நொடிகளில் ஒரு மெட்டைப் பதிய வைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. 2010-இல் நிறுவனம் தன் சின்னத்தை மாற்றியபோது மெட்டின் புதிய வடிவத்தையும் அவரே அமைத்தார்.

ஹட்ச் நிறுவனத்தின் 2003 விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பக் இன நாய்க்குட்டி பின்தொடர்கிறது. எளிய ஆங்கிலப் பாடல் ஒன்று உடன் வருகிறது. கட்டணம் பற்றிய பேச்சே இல்லை. நட்பைப் பற்றி ஏர்டெல் 2011-இல் வெளியிட்ட இந்திப் பாடலை அமிதாப் பட்டாச்சார்யா எழுதினார். ராம் சம்பத் இசையமைத்தார். நண்பர்களை வகைவகையாகப் பட்டியலிட்டு, அவர்களின் தொல்லைகளையும் சேர்த்தே பாடுவதால் அது வெறும் புகழ்மொழியாகத் தேங்கவில்லை.

ரிங்டோன்

மற்ற விளம்பர இசை தொலைக்காட்சியோடு முடிந்துவிடும். கைப்பேசியின் இசை விற்ற பொருளுக்குள்ளேயே குடியேறுகிறது. ஸ்பானிய கித்தார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரேகாவின் 'கிரான் வால்ஸ்' (1902) இசையிலிருந்து எடுத்த சிறு துணுக்கு, 1994-இல் நோக்கியா 2110 கைப்பேசியில் அழைப்பொலியாக வந்து உலகெங்கும் பரவியது. அதைக் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தாரேகாவின் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ரஹ்மானின் மெட்டும் ரிங்டோனாகப் பரவி, பேருந்திலும் கல்யாண வீட்டிலும் ஒலித்தது. நிறுவனம் ஒளிபரப்புக்குப் பணம் கொடுத்துச் செய்த வேலையை வாடிக்கையாளர் தம் சட்டைப்பையிலிருந்து இலவசமாகச் செய்தார். காலர் டியூன் வந்தபோது அதற்கு அவரே மாதக் கட்டணமும் கட்டினார்.

மதிப்பீடு

பிரிவும் தனிமையும் சேர்ந்திருத்தலின் ஏக்கமும் ஒன்றாய்ப் பின்னியவை நல்ல பாடல்கள். கைப்பேசி விளம்பரம் அவற்றிலிருந்து சேர்ந்திருத்தலை மட்டும் பிரித்தெடுக்கிறது. பிரிவை ஒப்புக்கொண்டால், இணைப்பு கிடைத்த பின்பும் மனிதர் தனியாக இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பழைய பாடல்கள் அதனால் பாதியாகின்றன. ஆனாலும் முழுப் பாடல் வெளியே இருக்கிறது, தேடிச் செல்பவருக்குக் கிடைக்கிறது. விளம்பரத்துக்கென்றே பிறந்த பாடலுக்கு அந்த மறுபாதி தொடக்கத்திலேயே இல்லை.

இருந்தும் சில பாடல்கள் நிறுவனத்தின் கையை விட்டுப் போய்விடுகின்றன. ஹட்ச் 2007-இல் வோடஃபோன் ஆயிற்று. நாய்க்குட்டி இளஞ்சிவப்புக் கூண்டிலிருந்து சிவப்புக் கூண்டுக்கு மாறியதாக அப்போதைய விளம்பரம் காட்டியது. 2018-இல் வோடஃபோன் ஐடியாவுடன் இணைந்தது; 2020-இல் பெயர் 'வி' என்று சுருங்கியது. அந்த விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிறுவனும் நாய்க்குட்டியும் பாட்டும் நினைவிருக்கின்றன. எந்த நிறுவனத்தின் விளம்பரம் அது என்பதைத்தான் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.